கோப்பி கொண்டு வந்தவள்

"அரபு விளங்காது, திரையிலை ஓடுற இத்தாலியன் எழுத்தும் வாசிக்க மாட்டீங்கள். பிறகேன் அம்மா நேற்றும் வந்து இண்டைக்கும் வந்தனீங்கள்?" என்றாள் ஜெனனி.

"சத்தம் போடாதை பிள்ளை" என்றாள் குகனேஸ்வரி.

அவர்கள் வாழும் இத்தாலிய நகரின் வுச்சீரியாச் சந்தைக்கு அருகிலிருந்த அந்தச் சிறிய அரங்கில், நாடிழந்த அரபுப் பெண் இயக்குநர் ஒருவர் பெய்ரூத்தில் எடுத்த பழைய குறும்படங்களைப் புதுப்பித்துக் காட்டினார்கள். திரையில் அந்த இயக்குநரே தன் ஊரை நினைத்து அழுதார். அரங்கமே விசும்பியது. படத்தில், நெற்றியில் திருநீற்றுக் கீற்றோடு ஒரு வேலைக்காரப் பெண் அவர் முன்னால் கோப்பியை வைத்துவிட்டுத் தலைகுனிந்து போனாள்.

குகனேஸ்வரி மகளின் கையை இறுகப் பிடித்தாள். ஜெனனி திரையைப் பார்த்தாள், தாயைப் பார்த்தாள்.

"அம்மா, அது... நீங்களோ?"

"ஓம். நீ பிறக்க முன்னம் பெய்ரூத்திலை இவவின்ரை வீட்டிலை வேலைக்கு நிண்டனான். குசினிக்குள்ளை போய் நானும்தான் அழுதனான். அங்கை கமரா வரேல்லை."