எதிர்வீட்டுத் தக்காளி

"விழு! விழுந்து தொலை!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கழுத்தைப் பிடித்து உலுக்கினாள் தையல்காரி. எதிர்ப்பக்கம் ஒரு முனகல்கூட இல்லை.

எப்படி இருக்கும்? அவள் கையில் சிக்கியிருந்தது எதிர்வீட்டு நர்ஸ் வளர்க்கும் தக்காளிச் செடி.

மூன்று பூ உதிர்ந்தது. முப்பது பூ அசைந்து கொடுத்துவிட்டு அப்படியே நின்றது. விரலில் ஒட்டிய மஞ்சள் தூளைத் துடைத்துக்கொண்டு, சொன்னபடி ஒரு டம்ளர் தண்ணீரும் ஊற்றிவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு தன் வீட்டுக்கு வந்தாள்.

இத்தனைக்கும் இரண்டும் ஒரே கடையில், ஒரே நாளில் வாங்கிய நாற்று. இரண்டு வீட்டுக்கும் ஒரே மாதிரி சின்ன ஹால், ஒரே மாதிரி ஒற்றை ஜன்னல். ஆனால் நர்ஸ் வீட்டில் பூ கொத்துக் கொத்தாக வந்தது. இவள் வீட்டில் எண்ணிப் பன்னிரண்டு.

போதாக்குறைக்குக் குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் வேறு ஒரு போட்டியைக் கிளப்பிவிட்டிருந்தார். மொட்டைமாடியில் நாள் முழுக்க வெயில் விழும் மூலை ஒன்றுதான் காலி. கேட்டதோ இவர்கள் இரண்டு பேரும்.

"யார் வீட்டுச் செடி முதல்ல காய்க்குதோ அவங்களுக்கு அந்த மூலை. மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை வந்து பார்க்கறேன்" என்று சொல்லிவிட்டார்.

தையல்காரிக்கு அந்த மூலை வேண்டும். எட்டு வருஷமாக டியூப்லைட் வெளிச்சத்தில் தைத்துத் தைத்துக் கண் பூத்துப்போனவள் அவள். புதினாத் தொட்டி எங்கே, வெள்ளரிப் பந்தல் எங்கே என்பதுவரை மனதுக்குள் வைத்து முடித்துவிட்டாள்.

பஸ் ஓட்டும் அவள் கணவர் விவரம் புரியாதவர். "நர்ஸம்மா செடியைப் பார்த்தியா? கைராசின்னா அது கைராசி!" என்றார் ஒருநாள்.

"அப்ப இனிமே அங்கேயே போய்ச் சாப்பிடுங்க."

அன்றைய சாப்பாட்டில் உப்பே இல்லை. அவரும் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டு முடித்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் நர்ஸுக்கு வெளியூரில் மூன்று வாரப் பயிற்சி வந்தது. "அக்கா, உங்களை நம்பித்தான் போறேன். தினமும் ஒரு டம்ளர் தண்ணி போதும்" என்று சாவியைக் கையில் திணித்துவிட்டுப் போனாள்.

தண்ணீர் ஊற்றாமல் விட்டால் செடி வாடிக் காட்டிக் கொடுத்துவிடும். பூ உதிர்ந்தால் யார் யாரைக் கேட்க முடியும்? அதனால்தான் தினமும் பதினொரு மணிக்கு இந்த உலுக்கல்.

தன் செடியை மட்டும் அவள் கைக்குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டாள். ஜன்னலைச் சாத்தினாள், ஃபேனை நிறுத்தினாள், பூவில் ஒரு விரல் படக்கூடாது என்று வீட்டில் உத்தரவு போட்டாள்.

"செடிக்காக நாம வெந்து சாகணுமாடி?" என்று பனியனால் விசிறிக்கொண்டார் கணவர்.

"பூ கொட்டிப்போச்சுன்னா அந்த மூலையை நீங்களா வாங்கித் தருவீங்க?"

இரண்டாவது வாரம் நர்ஸ் வீட்டுச் செடியில் பட்டாணி அளவுக்கு ஒரு காய் எட்டிப் பார்த்தது. மறுநாள் நான்கு. பறிக்கக் கை போனது. பறித்த காம்பு காட்டிக் கொடுத்துவிடுமே என்று பயந்து கையை இழுத்துக்கொண்டாள்.

முன்னைவிட இரண்டு மடங்கு ஆத்திரத்தோடு உலுக்கினாள். அவள் வீட்டிலோ யாரும் தொடாத பூ ஒவ்வொன்றாகத் தானே உதிர்ந்துகொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நர்ஸ் ஊரிலிருந்து வந்துவிட்டாள். செயலாளர் முதலில் தையல்காரி வீட்டுக்கு வந்தார். இலையை விலக்கி விலக்கிப் பார்த்தார். ஒரு காய்கூடக் கிடைக்கவில்லை.

எதிர்வீட்டில் எண்ணினார். பதினான்கு. "மூலை உங்களுக்குத்தாம்மா" என்று மொட்டைமாடிச் சாவியை நர்ஸிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

'இந்தக் கையாலதானே அத்தனை உலுக்கு உலுக்கினேன், பாதிகூட விழலையே' என்று தையல்காரியின் மனம் கிடந்து புழுங்கியது. சிரிப்பதாக நினைத்து உதட்டை இழுத்துவிட்டுத் திரும்பினாள்.

"அக்கா, ஒரு நிமிஷம் நில்லுங்க" என்று கையைப் பிடித்து நிறுத்தினாள் நர்ஸ். ஃபிரிட்ஜ் மேலே விரலை நீட்டினாள். அங்கே ஒரு பொம்மைக்குப் பக்கத்தில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு கேமரா.

"திருட்டு பயத்துக்கு மாட்டினது. இதுல சத்தம் கேக்காது, ஆனா படம் நல்லாத் தெரியும். ஊர்ல இருந்து தினமும் ஃபோன்ல பார்த்துக்கிட்டேதான் இருந்தேன்."

ஃபோனைத் திருப்பிக் காட்டினாள். அதில் பல்லைக் கடித்துக்கொண்டு செடியை உலுக்கிக்கொண்டிருந்தாள் தையல்காரி.

இந்த மாடியில் இனி எந்த முகத்தோடு நடப்பது? "இல்லம்மா... அது வந்து... நான்..." என்று நாக்குக் குழறியது.

நர்ஸ் அவள் இரண்டு கைகளையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"தேனீ வராத வீட்டுல பூவை உலுக்கிவிட்டாத்தான் காய் பிடிக்கும்னு உங்களுக்கு யாருக்கா சொன்னது?"