பூ வேண்டாத மணமகள்

கரையான்சாவடியில் கல்யாண மேடைகளுக்குப் பூ அலங்காரம் செய்யும் திருமுருகனுக்கு ஒரு பெருமை உண்டு. ஜோடியைப் பார்த்ததுமே அவர்களுக்கேற்ற பூவைச் சொல்லிவிடுவான். அந்தப் பெருமையில் மண்ணைப் போட்டாள், அன்று கடைக்கு வந்த அருள்மொழி.

“மேடைல ஒரு பூகூட வேணாம்.”

“இன்னாங்க இது! வெள்ளை லில்லி வெச்சா உங்களுக்கு எடுப்பா இருக்குமே?”

“பூ வாசம் பட்டாலே எனக்குத் தும்மல். தாலி கட்டும்போது தும்மினா பரவால்லியா?”

“சரி, மாலையாவது?”

“ஏலக்காய் மாலை.”

“மாப்பிள்ளை ஊட்டுல சிரிப்பாங்க.”

“மாப்பிள்ளைக்கு என்மேல ஆசை இருந்தா ஒத்துப்பாரு.”

திருமுருகன் பென்சிலை எடுத்தான். தென்னங்குருத்தும் வெற்றிலையுமாக ஒரு மேடையை வரைந்து காட்டினான். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

கல்யாணத்தன்று நசரத்பேட்டை மண்டபத்தில் எல்லோரும் மேடையையே பார்த்தார்கள். நண்பன் ஜஸ்டின் மட்டும் மணவறையருகே வந்து, மாப்பிள்ளையின் காதில் கிசுகிசுத்தான்.

“ஊருக்கெல்லாம் பூ வெச்சவன் நீ. உன் கல்யாணத்துல ஒரு பூவைக் காணோமே, திருமுருகா?”

ஏலக்காய் மாலையைச் சரிசெய்துகொண்டான் திருமுருகன்.

“இன்னா பண்றது மச்சான்? பொண்ணுக்குப் பூ ஆவாது, எனக்கு எதுத்துப் பேச ஆவாது!”