படிக்கு வெளியே நின்றவள்

பேய் படியருகே வந்து நின்று “அம்மா” என்றதும் விஜயகலா கதிரையை விட்டு எழுந்துவிட்டாள்.

“பாத்தியா பரிமளம், வந்துட்டா! இன்னைக்கு அவ பதில் சொல்லுவா பாரு.”

பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் பரிமளம் வாசற்காலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். போன மாதம் இடி விழுந்து அவளுடைய டீவி எரிந்துபோனதிலிருந்து மத்தியான நாடகத்துக்கு இங்கேதான் வருகிறாள். இன்று பிந்தி வந்தாள். வந்ததிலிருந்து ஏதோ சொல்ல வாயெடுப்பதும் அடக்குவதுமாக இருந்தாள்.

வேற்று மொழி நாடகம். உதடு ஒரு பக்கம் போகும், தமிழ் ஒரு பக்கம் வரும். விஜயகலாவுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

கிணற்றில் விழுந்து செத்த பெண் அமாவாசைக்கு அமாவாசை தன் வீட்டு வாசலுக்கு வருகிறாள். பெற்றவள் ஒரு தரம் “என்னம்மா” என்று கேட்டுவிட்டால் உள்ளே வரலாம். கேட்காவிட்டால் படியைத் தாண்ட முடியாது.

இரண்டு கிழமையாக றப்பர் பால் நிறுக்கிற இடத்தில் விஜயகலாவுக்கு இதே பேச்சு. அந்தத் தாய் இளகிவிடுவாள் என்று எல்லாரிடமும் அடித்துச் சொன்னாள். “பேயை யாராச்சும் வீட்டுக்குள்ள விடுவாங்களா?” என்று சிரித்த கோகிலாவோடு இரண்டு நாள் முகங்கொடுத்துப் பேசவில்லை.

திரையில் அந்தத் தாய் தலையணையால் காதைப் பொத்திக்கொண்டாள்.

“அடிப் பாவி, பதில் சொல்லுடி! நீ பெத்தவதானே?”

விஜயகலா போட்ட சத்தத்தில் வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து போனது.

“பேய்தானேக்கா,” என்றாள் பரிமளம், மெதுவாக.

“பேயா இருந்தா என்னா? வயித்துல பொறந்தது இல்லன்னு ஆயிருமா?”

சொன்ன பிறகுதான் தன் சொல் அவள் காதிலேயே விழுந்தது.

இந்த வீட்டில் சுஜீதாவின் பெயரைச் சொல்லி மூன்று வருஷம்.

அவள் வீட்டை விட்டுப் போன அன்றைக்கே அவள் அப்பன் கஜேந்திரன் ஆற்றில் இறங்கித் தலைமுழுகினான். பதினாறாம் நாள் படையலும் போட்டான். மகளின் உடுப்புகளை லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் குவித்து எரித்தான். மழை ஈரம், லேசில் பிடிக்கவில்லை. மண்ணெண்ணெய்ப் போத்தலை எடுத்துவந்து கொடுத்தவள் விஜயகலாதான்.

எரிந்து முடிந்ததும் சூடம் கொளுத்தி, அதன் மேல் மனைவியைக் கையடிக்க வைத்துச் சத்தியமும் வாங்கிக்கொண்டான். இனி அந்தப் பெண்ணை நினைத்து இங்கே யாரும் அழக் கூடாது.

அவள் அழவில்லை. நாடகம் பார்த்துத்தான் அழுதாள். அதற்குச் சத்தியம் குறுக்கே நிற்கவில்லை.

இன்று காலை றப்பர் பால் வாளியோடு தோட்டத்து மேட்டில் நின்றபோது அவளுக்கும் அந்தக் குரல் கேட்டது. கீழே ரோட்டுப் பக்கமிருந்து, “அம்மா.”

ஒரு தரம். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தரம்.

அவள் திரும்பவில்லை. மரத்தில் கட்டிய சிரட்டையிலிருந்து ஊற்றிய பால் பாதி வாளியிலும் பாதி காலிலும் விழுந்தது. அடுத்த மரத்துக்குப் போனாள். அதற்கடுத்த மரத்துக்கும் போனாள்.

திரையில் அந்தப் பெண் திரும்பி நடந்தாள். அழவில்லை, சாபம் போடவில்லை. பனிக்குள் போய்க் கரைந்துவிட்டாள். பாட்டு வந்தது.

விஜயகலா கவுண் ஓரத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். “இப்புடி ஒருத்தி இருப்பாளா பரிமளம்? மனுசியா அவ?”

பரிமளம் எழுந்து வந்து அவள் தோளைத் தொட்டாள்.

“கோவிச்சுக்காதீங்கக்கா. சொல்லாம இருக்க முடியல. சுஜீதா இன்னும் கீழ பஸ் ஹோல்ட்லதான் ஒக்காந்திருக்கு. பத்து மணி பஸ்ஸுல வந்துச்சாம். மடியில கைப்புள்ள.”

முஸ்லிம் பையன் ஆஸிக்கைக் கட்டிக்கொண்டு அந்தப் பெண் போயிருந்தது தெஹியோவிட்டவுக்கு. பஸ்ஸில் இருபது நிமிஷம்.

விஜயகலா போய் டீவியை அணைத்தாள். பிறகு, “என்னா புள்ள?” என்று கேட்டாள்.

“பொம்பளப் புள்ள. மூணு மாசம் இருக்கும்.”

செருப்புப் போடவும் தோன்றாமல் இறங்கினாள். காலையில் காலில் சிந்திய பால் காய்ந்து தோலோடு ஒட்டியிருந்தது. லயத்து இஸ்தோப்புத் திண்ணைகளில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். காலையிலிருந்தே அவர்களுக்கெல்லாம் தெரியும் போலிருந்தது.

ஒற்றையடிப் பாதையில் கஜேந்திரன் எதிரே வந்தான். றப்பர் காயவைக்கும் புகைக் காம்பராவில் வேலை முடிந்து வருகிறவன். அவனைச் சுற்றி எப்போதும் இருக்கும் றப்பர் புகை வாடை அவனுக்கு முன்னால் வந்தது.

“எங்க போற?”

“எம் புள்ளகிட்ட.”

“செத்தவகிட்டயா?”

“நான் சாவல,” என்றாள் விஜயகலா.

அவன் விலகவில்லை. பாதையில் இரண்டு பேருக்கு இடமில்லை. அவள் ஓரத்துத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கி, முழங்கால் சேற்றில் அவனைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் ஏறினாள். அவன் கூப்பிட்டான். இரண்டாந்தரம் கூப்பிடவில்லை.

பஸ் ஹோல்டில் சுஜீதா ஒரு பிளாஸ்டிக் பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருந்தாள். தலையில் முக்காடு. முகம் மெலிந்திருந்தது. தாயைக் கண்டதும் எழப் பார்த்தாள், கால் மரத்துப்போயிருந்தது போல, மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

விஜயகலா கையைக் கவுணில் இரண்டு தரம் துடைத்தாள். குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். அது சூடாக, அவள் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது.

“மழ வரப்போவுது,” என்றாள். “பைய எடு, நட.”