பெட்டைக்கோழி கூவிய வீடு

“பெட்டைக்கோழி கூவுன வீட்டுல உசுரு தங்காது. இன்னிக்கே அறுத்துரணும்” என்றாள் சீனியம்மாள்.

மருமகள் இசக்கிசெல்வி கோழியை அணைத்துக்கொண்டாள். ஐந்து மாத வயிறு இடித்தது. “வேண்டாம் அத்தை. மிருக ஆஸ்பத்திரியில ஒருதடவை காட்டிருவோம்.”

மட்டாஞ்சேரியில் அவர்கள் சந்து முழுக்க அதே பேச்சுதான். முட்டையிட்டுக்கொண்டிருந்த கோழி, ஒரு வாரமாக விடிகிற நேரத்தில் கழுத்தை நீட்டிக் கூவுகிறது. பெட்டைக்கோழி கூவிப் பொழுது விடியுமா என்று ஊர் சிரிக்கலாம். சீனியம்மாளால் சிரிக்க முடியவில்லை. மருமகளுக்கு ஏற்கெனவே ஒன்று கலைந்திருக்கிறது. இதுவும் போனால்?

“சரி, காட்டுவோம். முதல்ல பாலைக் குடி” என்று டம்ளரை நீட்டினாள். பொடி கலந்த பால். தினமும் அவளே கலக்கிக் கொடுப்பாள். குமட்டுகிறது என்று இசக்கிசெல்வி வழக்கம்போலப் டம்ளரைப் பின்வாசலுக்கு எடுத்துப் போய்க் காற்றாட நின்றுவிட்டு, காலி டம்ளரோடு வந்தாள்.

ஆஸ்பத்திரியில் மலையாளத்துக்காரரான டாக்டர் மஞ்சுஷா கோழியின் கொண்டையைத் தடவிப் பார்த்தார். சேவலுக்குப்போல வளர்ந்திருந்தது.

“பேடிக்க வேண்டாம் அம்மே, இது சகுனம் ஒண்ணும் இல்ல. ஆண் ஹார்மோன் ஏறினா பெட்டையோட மூளையும் சேவல் மாதிரி நேரம் பார்க்கும். விடியும்போ கூவச் சொல்லும். தீனியில ஏதோ போயிருக்குன்னு தோணுது. என்னாக்கும் கொடுக்குறது?”

“குருணைதாம்மா போடுதோம்.”

“வேற மருந்து, பொடி ஏதாச்சும்?”

சீனியம்மாள் மருமகளின் வயிற்றைப் பார்த்தாள். பெஞ்சில் உட்கார்ந்தாள்.

“டாக்டரம்மா, அப்படி மருந்தை வயித்துப்பிள்ளைக்காரி குடிச்சா?”

“வயித்துல உள்ள குஞ்ஞுக்கு ஆபத்தாக்கும். யாரு குடிச்சது?”

“ஆம்பளப்பிள்ளை பொறக்கும்னு படகு ஜெட்டிகிட்ட எஸ்.டி.டி. பூத்துல ஒருத்தன் பொடி வித்தான். நாந்தான், என் கையாலயே, தினமும் பாலுல…” வீட்டுக்கு வந்த எமன் கோழி இல்லை, தானே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

இசக்கிசெல்வி மாமியாரின் தோளைத் தொட்டாள்.

“அழாதீங்க அத்தை. நான் ஒரு சொட்டுகூடக் குடிக்கல. தினமும் கோழிக் குருணையிலதான் ஊத்தினேன்.”