பிரதியீட்டுப் பண்டம்

நாகேந்திரம் மாஸ்டர் மதிலில் ஒட்டியிருந்த நோட்டீஸை நகத்தால் சுரண்டிக் கிழித்தார். ‘உயர்தரப் பொருளியல். மாதம் ஆயிரம் ரூபா மட்டும். இருபது வருட அனுபவம்.’ ஆசிரியரின் பெயரும் இல்லை, படமும் இல்லை.

“முகத்தைக் காட்ட வெக்கப்படுற கள்ளன்,” என்று பல்லைக் கடித்தார்.

இருபது வருடம் கொழும்பில் பொருளியல் படிப்பித்தவர்களை அவர் விரல்விட்டு எண்ணிவிடுவார். அவர்களில் எவனும் இவ்வளவு மலிவாகப் போகமாட்டான். ஆகவே அனுபவமும் பொய்தான் என்று முடிவு கட்டினார்.

வயிறு எரியாமல் என்ன செய்யும்? வெள்ளவத்தையில் அவருடைய வகுப்பில் நூற்றிருபது பிள்ளைகள் இருந்தார்கள். கட்டணத்தை இரண்டாயிரத்திலிருந்து மூவாயிரமாக்கிய மாதமே இந்த நோட்டீஸ் முளைத்தது. இப்போது முப்பத்தொரு பேர். மாதக் கடைசிக்குள் நாற்பது பேராவது தேறாவிட்டால் மண்டபத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று சொந்தக்காரர் கறாராகச் சொல்லியிருந்தார்.

அந்தக் கடுப்போடுதான் அன்று வகுப்புக்குள் நுழைந்தார். பாடமும் பார்த்து வந்ததுபோல் பிரதியீட்டுப் பண்டங்கள்.

“பாண் விலை ஏறினா சனம் இடியப்பத்துக்கு மாறும். தேயிலை விலை ஏறினா கோப்பிக்கு மாறும். மாமியார் கோவிச்சுக்கொண்டு போனா…?”

பல வருடங்களாக வகுப்பைக் குலுங்க வைத்த பகிடி அது. மிச்சத்தைச் சொல்ல அவர் வாயைத் திறப்பதற்குள், ஒரு நாள் இருந்து பார்ப்போமென்று வந்திருந்த தாரிகா முந்திக்கொண்டாள்.

“பிரதியீடு தேடப்படாது, சேர்!”

வகுப்பு சிரித்தது. மாஸ்டர் சிரிக்கவில்லை.

“உமக்கு ஆர் சொன்னது?”

“அந்த ஆயிரம் ரூபா கிளாஸில சொன்னவர், சேர்.”

பிள்ளைகளைக் கொண்டுபோனது போதாதென்று பகிடியையும் களவெடுத்துவிட்டானா! மாஸ்டர் சோக்கட்டியை மேசையில் எறிந்தார். வகுப்பை அப்படியே போட்டுவிட்டு வெளியேறினார்.

காலி வீதியைக் கடந்து, ரயில் பாதையோரக் கட்டிடத்தின் மூன்றாம் மாடிக்கு மூச்சு வாங்க ஏறினார். வகுப்பை நடத்துகிற பிரதீஸ் வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தான். அவரைக் கண்டும் எழும்பவில்லை.

“உன்ர வாத்தியை வெளியில கூப்பிடு!”

“அவர் வரமாட்டார்.”

“என்னைக் கண்டு பயமோ?”

“பயமெண்டில்லை, சேர். அவரைப் போலப் படிப்பிக்கக் கொழும்பிலயே ஆளில்லை எண்டு பிள்ளையள் சொல்லுதுகள். நீங்கள்தான் இப்ப வரவரச் சும்மா கத்திறியளாம்.”

அத்தனை பிள்ளைகளுக்கு முன்னால் அந்தக் கள்ளனின் மானத்தை வாங்காமல் திரும்புவதில்லை என்று, மாஸ்டர் பிரதீஸைத் தள்ளிக்கொண்டு கதவைத் திறந்தார்.

உள்ளே விளக்கெல்லாம் அணைத்திருந்தது. “என்ர பாடத்தைக் களவெடுக்கிற நாயே, வாடா முன்னுக்கு!” என்று கத்திக்கொண்டே வாங்கு வரிசைகளுக்கு நடுவே நடந்து முன்வரிசைக்குப் போனார்.

சுவர் முழுக்க அவரே நின்றார். தலை நிறைய முடி. பின்னால் அவர் வீட்டு மஞ்சள் திரைச்சீலை. கொரோனாவில் ஊர் அடங்கிக் கிடந்தபோது வீட்டிலிருந்து வீடியோவில் பதிவு செய்து, முழு உரிமையும் எழுதிக் கொடுத்து, எழுபத்தையாயிரத்துக்கு விற்ற பாடங்கள். வாங்கினவன் சரியான மடையன் என்று மனைவியிடம் சொல்லிச் சிரித்ததும் அவர்தான்.

பின்வரிசையிலிருந்து ஒரு பிள்ளை எரிச்சலோடு கத்தினாள்.

“சேர், கொஞ்சம் விலத்துங்கோ! சேரை மறைக்கிறியள்!”