தேய்ந்த கட்டம்

பக்கவாதத்தில் பேச்சிழந்த தில்லைநாயகிக்கு, பேச்சுப் பயிற்சியாளர் சகாயமேரி போன மாதம் ஒரு பட அட்டை செய்து கொடுத்திருந்தாள். தண்ணீர், சோறு, வலி, தூக்கம் என்று கட்டத்துக்கு ஒரு படம். சொல்ல வேண்டியதை விரலால் தொட்டால் போதும். இன்று வந்து பார்த்தபோது மற்ற படங்கள் புதிதாகவே இருந்தன. ஒரு கட்டம் மட்டும் தேய்ந்து வெள்ளையாகியிருந்தது.

"அது பசி, மேடம்," என்றார் கணவர் சங்கரலிங்கம். "எந்நேரமும் அதையேதான் தொடுறா. நானும் ஊட்டிக்கிட்டேதான் இருக்கேன். கைப்பிள்ளை தோத்துடும் இவகிட்ட."

தில்லைநாயகியின் மோவாயில் சோற்றுப் பருக்கை காய்ந்திருந்தது.

சகாயமேரி பையிலிருந்து அதே அட்டையின் இன்னொரு பிரதியை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். சோற்றுத் தட்டு மேல் வரிசையில் இருந்தது. தேய்ந்த கட்டத்துக்கு நேரான இடத்தில் இருந்தது ஒரு முகம். கண்ணும் வாயும் அகலத் திறந்த முகம். பயத்துக்காக அவளே வரைந்தது.

"சார், கொஞ்சம் காப்பி கிடைக்குமா?"

அவர் அடுக்களைக்குள் போனதும் குனிந்து கேட்டாள். "அக்கா, எதைப் பார்த்துப் பயம்? கையைக் காட்டுங்க, போதும்."

தில்லைநாயகியின் இடது கை அட்டையை விட்டு மெல்ல எழுந்தது. பாதியில் நின்றது. உள்ளே கரண்டி தட்டில் உரசும் சத்தம் கேட்டது.

சங்கரலிங்கம் பிசைந்த சோற்றோடு வந்தார். "காப்பி இருக்கட்டும் மேடம். முதல்ல இவளுக்கு."

தில்லைநாயகியின் விரல் புதிய அட்டையில் இறங்கி, அந்த முகத்தை நகம் வெளுக்க அழுத்தியது.

"பாத்தீங்களா," என்றபடி அவர் கட்டிலில் உட்கார்ந்து உருண்டையை எடுத்தார். "மறுபடியும் பசிங்கிறா."