வைரவர் அனுப்பிய கார்

சிவப்புக் காரின் அடியில், அதைத் தூக்கவேண்டிய டினேசின் ஜக் நுழையவே மாட்டேன் என்றது.

அவ்வளவு தாழ்ந்த கார். ஒரு பலகையைப் போட்டு, சக்கரத்தை அதன் மேல் ஏற்றிய பிறகுதான் ஜக்கைச் செருக முடிந்தது.

காரின் சொந்தக்காரி சாருஜா பூவரச மர நிழலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கொழும்பில் சட்டத்தரணி. அவளுடைய கூட்டாளிகள் இதே மாதிரிக் கார்களில் உறுமிக்கொண்டு காரைநகர்க் கடற்கரைக்குப் போய்விட்டார்கள். கடைசியாக வந்த அவளுடைய கார் மட்டும் வட்டுக்கோட்டை தாண்டிய வளைவில் காற்றுப் போய் உட்கார்ந்துவிட்டது.

இவ்வளவு பெரிய காருக்கு மாற்றுச் சக்கரம் கிடையாது என்பதை டினேசால் நம்பவே முடியவில்லை. இருந்ததெல்லாம் துளை அடைக்கும் பசை காய்ந்துபோன ஒரு போத்தலும், விளையாட்டுச் சாமான் போல ஒரு பம்பும்தான்.

"நல்ல காலம், அண்ணை. கார் நிண்ட இடத்திலை திரும்பிப் பாக்கிறன், மதகிலை உங்கடை நம்பர்!"

டினேஸ் சிரித்தான். அந்தப் பக்கத்தில் அவன் நம்பர் எழுதாத மதகு இல்லை.

ரயர் கடையில் பார்த்த வேலையை விட்டு, காற்றடிக்கும் மெசினை ஓட்டோவில் ஏற்றி, 'நடுவழியில் நின்றால் கூப்பிடுங்கள்' என்று எழுதி ஒரு மாதமாகிறது. இதுவரை வந்தவை இரண்டே அழைப்புகள். ஒன்று பிழையான நம்பர். மற்றது, பேரனின் பந்துக்குக் காற்றடித்துத் தரமுடியுமா என்று கேட்ட பக்கத்து வீட்டுக்காரர்.

மனைவி நிரோஜினி வெள்ளிக்கிழமை வரை தவணை கொடுத்திருந்தாள். அதற்குள் உருப்படியாக ஒருவராவது கூப்பிடாவிட்டால், அவன் தலையைக் குனிந்துகொண்டு பழைய முதலாளியிடம் போகவேண்டும்.

இன்று வெள்ளிக்கிழமை.

விடிந்ததும் விடியாததுமாக இரண்டு பேரும் வைரவர் கோயிலுக்குப் போய் மன்றாடிவிட்டு வந்திருந்தார்கள். வைரவர் கைவிடவில்லை. அனுப்பியதும் சும்மா காரையா அனுப்பினார்! டினேசுக்குக் கண் கலங்கிவிடும் போலிருந்தது.

சைக்கிளில் வந்த ஒரு பெரியவர் காலை ஊன்றி நின்றார்.

"தம்பி, உதுக்குள்ளை இருந்து ஆக்கள் எப்பிடி எழும்பி வாறது?"

சாருஜா விழுந்து விழுந்து சிரித்தாள். பெரியவர் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார்.

டினேஸ் சக்கரத்தை மெல்லச் சுழற்றினான். ரயரின் வரிப்பள்ளத்தில் ஏதோ ஒரு கூர் தெரிந்தது. குறட்டால் பிடித்து இழுத்தான்.

கையில் வந்ததைத் திருப்பிப் பார்த்தவன், அவசரமாக உள்ளங்கைக்குள் மூடினான்.

"ஆணியோ, அண்ணை?"

"ஓம் தங்கச்சி... உப்பிடி ஒண்டுதான்."

சட்டென்று சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

"ஆர் போட்டதெண்டு மட்டும் தெரிஞ்சால் ஒரு வழக்குப் போட்டிருப்பன்" என்றாள் சாருஜா.

அவன் நிமிரவே இல்லை. துளைக்குள் ரப்பர்த் திரியை இறுக்கி ஏற்றினான். காற்றடித்தான். விரலில் எச்சிலைத் தொட்டு வைத்துப் பார்த்தான். ஒரு குமிழிகூட எழவில்லை. வேலை சுத்தம். மனம்தான் சுத்தமாக இல்லை.

அவள் நீட்டிய காசில் பாதியை அவன் வாங்க மறுத்துவிட்டான். அவள் அவனை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

"உங்களைப் போல நேர்மையான ஆக்கள் கொழும்பிலை இல்லை, அண்ணை. உங்கடை நம்பரை எல்லாருக்கும் குடுக்கிறன். நாளைக்குக் காலமை நாங்கள் அவ்வளவு பேரும் இந்த வழியாலைதான் திரும்பிறம்."

கார் ஒரு உறுமலோடு மறைந்தது.

டினேஸ் ஓட்டோவைத் திருப்பிக்கொண்டு, கார் வந்த வழியே வைரவர் கோயிலடிக்கு வந்தான். வாசலுக்கு எதிரே, வீதியோரத்தில் தேங்காய் உடைக்கிற கல். அதிலிருந்து பாதி வீதி வரைக்கும் சிரட்டைகள் சிதறிக் கிடந்தன. அவற்றில் ஒட்டியிருந்த தேங்காய்ச் சொட்டுகளைக் காகங்கள் கொத்திக்கொண்டிருந்தன.

குந்தியிருந்து ஒரு பெரிய சிரட்டைத் துண்டை எடுத்தான். சட்டைப் பையிலிருந்த துண்டை அதன் உடைந்த ஓரத்தில் வைத்தான்.

அச்சொட்டாகப் பொருந்தியது.

காலையில் உடைத்தது அவன்தான். மெல்ல அடித்தால் வைரவருக்குக் கேட்காது என்று நிரோஜினி சொன்னதால், இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கி ஓங்கி அடித்திருந்தான்.

கைத்தொலைபேசி அடித்தது. நிரோஜினிதான். சாருஜாவின் அழைப்பு வந்ததுமே அவளுக்குச் சொல்லிவிட்டுத்தான் அவன் புறப்பட்டிருந்தான். குரலில் அப்படி ஒரு சந்தோசம்.

"பாத்தீங்களே! முதல் ஆள் வந்தால் இன்னும் பதினொண்டு அடிக்கிறதெண்டு நேந்தனாங்கள் எல்லே? அதை நாளைக்கு விடியவே அடிச்சுப்போடுவம். வைரவரைக் காக்க வைக்கக்கூடாது."

டினேஸ் கையிலிருந்த சிரட்டையைப் பார்த்தான்.

பதினொரு தேங்காய். நாளைக் காலை. இதே வீதி. சிவப்பும் மஞ்சளும் நீலமுமாகக் கார்கள் வரிசையாகக் காற்றுப் போய் உட்கார்ந்திருக்க, அவன் பலகையும் கையுமாக ஒன்றிலிருந்து மற்றதற்கு ஓடுவது ஒரு கணம் கண்ணுக்குள் வந்து போனது. இனித்தது. அந்த இனிப்பு வெட்கமாகவும் இருந்தது.

"ஓம்" என்றான். "அடிப்பம்."

சந்திக் கடையில் பதினொரு தேங்காய்களையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து எடுத்தான். வேறு என்ன வேண்டும் என்று கடைக்காரர் கேட்டார்.

"ஒரு விளக்குமாறு" என்றான் டினேஸ். "நல்ல பெரிசாப் பாத்துத் தாங்கோ."